அலாய் வீலுக்கு லாக் நட்டு போடப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தால், தெருவில் நிறுத்திய கார் ஹாலோ பிளாக் கல்லின் மேல் நிற்கிறது. கண்ணாடி உடையவில்லை. கதவு பூட்டியபடியே இருக்கிறது. உள்ளே வைத்த சில்லறைகூட அப்படியே கிடக்கிறது. போனது நான்கு அலாய் வீலும் அதிலிருந்த டயரும் மட்டும்தான்.

15, 16 இன்ச் அலாய் வீல் செட்டோடு நல்ல டயரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அரை லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால்தான் புதுசா அலாய் வீல் மாட்டும்போதே, "சார், லாக் நட்டு ஒரு செட் போட்டுடலாமா?" என்று கடைக்காரர் கேட்கிறார். போடலாம். நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் வீலுக்குப் பொருந்தாத லாக் நட்டைப் போட்டால், திருடன் வருவதற்கு முன்பே ஓடுகிற வண்டியில் வீல் லூஸ் ஆகும் ஆபத்து இருக்கிறது. அதன் சாவியைத் தொலைத்துவிட்டால் நடுரோட்டில் பஞ்சர்கூட ஒட்ட முடியாது. இந்த இரண்டையும் பற்றிக் கடையில் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

காரை விட்டுவிட்டு வீலை மட்டும் ஏன் கழற்றுகிறார்கள்?

காருக்கு நம்பர் பிளேட் இருக்கிறது, என்ஜின் எண், சேசிஸ் எண், ஆர்.சி. புத்தகம் எல்லாம் இருக்கிறது. திருடிய காரை விற்பது பெரிய தலைவலி. வீலுக்கு இது எதுவுமே கிடையாது. யாருடைய வீல் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

அடுத்தது, ஒரு காரின் வீல் இன்னொரு காருக்கும் பொருந்தும். வீலில் நட்டு மாட்டும் துளைகள் எத்தனை, அவை எவ்வளவு பெரிய வட்டத்தில் இருக்கின்றன என்பதை 4×100 என்று குறிப்பிடுவார்கள். நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம் என்று அர்த்தம். நம்ம ஊரில் ஓடும் ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, அமேஸ் எல்லாமே இந்த 4×100 ரகம்தான். கிரெட்டா மாதிரி வண்டிகளில் 5×114.3. ஒரு செட் வீலுக்கு வாங்குவதற்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணம், கழற்றுவது ரொம்ப ஈஸி. 17, 19, 21 மில்லிமீட்டர் என்று மூன்று சாக்கெட்டும் ஒரு ஜாக்கியும் இருந்தால், ரோட்டில் நிற்கும் பெரும்பாலான காரின் வீலைக் கழற்றிவிடலாம். எல்லாம் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். யாராவது பார்த்தாலும் 'பஞ்சர் போல, டயர் மாத்துறாங்க' என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதில் கார் கவரைப் பற்றி ஒரு வார்த்தை. தூசிக்காகப் போடும் கவர், திருடனுக்கும் திரை ஆகிவிடுகிறது. கவரைத் தூக்கி உள்ளே உட்கார்ந்து கழற்றிவிட்டு, மறுபடி இழுத்து மூடிவிட்டுப் போனால், தினமும் அந்த வழியாக நடக்கும் வாட்ச்மேனுக்குக்கூடப் பல நாள் தெரியாது. நாள்கணக்கில் காரை எடுக்கப் போவதில்லை என்றால், வீல் வெளியே தெரிகிற அளவுக்குக் கவரைக் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள்.

லாக் நட்டு எப்படி வேலை செய்யுது?

சாதாரண வீல் நட்டின் தலை அறுகோணமாக இருக்கும். எந்த ஸ்பேனரும் பிடிக்கும். லாக் நட்டின் தலையோ வழவழப்பான உருளையாக இருக்கும். நடுவில் வளைந்து நெளிந்த ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் சரியாக உட்காரும் மேடு கொண்ட சிறிய இரும்புத் துண்டுதான் சாவி. சாவியின் ஒரு முனை நட்டுக்குள் போகும், மறுமுனை அறுகோணம். அதில் வழக்கமான வீல் ஸ்பேனரை மாட்டித் திருப்ப வேண்டும். சாவி இல்லாமல் ஸ்பேனரை வைத்தால் வழுக்கிக்கொண்டு சுற்றும்.

ஒரு செட்டில் நான்கு நட்டும் ஒரு சாவியும் வரும். வீலுக்கு ஒன்று. மற்ற மூன்று நட்டைக் கழற்றினாலும் இந்த ஒன்று வீலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லா நட்டையும் லாக் நட்டாக மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அப்படி மாற்றினால் செலவும் அதிகம், ஒவ்வொரு பஞ்சருக்கும் வேலையும் அதிகம்.

விலை குறைந்த செட்டுக்கும் நல்ல செட்டுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? முதலில் பள்ளத்தின் வடிவத்தில். மெக்கார்ட் போன்ற பெயர் பெற்ற நிறுவனங்கள் ஏராளமான வடிவங்களில் தயாரித்து, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுக்கின்றன. மலிவான செட்டுகளில் இரண்டு மூன்று வடிவம்தான் சுற்றிச் சுற்றி வரும். அதே செட்டை இன்னொருவர் வாங்கினால் அவர் சாவி உங்கள் வீலையும் திறக்கும். அடுத்து இரும்பின் கடினம். நல்ல லாக் நட்டு கடினப்படுத்திய எஃகு. மேலே சாதாரண சாக்கெட்டை அடித்து இறக்கினாலும் கடித்துப் பிடிக்காது. இன்னும் உயர்ந்த ரகத்தில் நட்டைச் சுற்றி ஒரு வளையம் தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து எதை மாட்டித் திருப்பினாலும் வளையம்தான் சுற்றும், நட்டு அசையாது. பணம் கொஞ்சம் கூடப் போனாலும் இந்தச் சுற்றும் வளைய ரகத்தைத்தான் பரிந்துரைப்போம். வெறும் பூப்போன்ற பள்ளம் மட்டும் இருக்கும் மலிவு செட்டுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அழகுக்குத்தான்.

கலர் கலராக வரும் ஒல்லியான 'டியூனர்' நட்டுகளையும் சில கடைகளில் லாக் நட்டு என்றே விற்கிறார்கள். அதன் பல்சக்கர வடிவச் சாவி கடைகளில் தனியாகவே கிடைக்கும். அது பூட்டு இல்லை.

நட்டா, போல்டா? உங்க கார்ல எது இருக்கு?

மாருதி, ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் ஹப்பிலிருந்து இரும்புக் கம்பி மாதிரி ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நட்டு மாட்டுவோம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் போன்றவற்றில் ஸ்டட் கிடையாது, போல்ட்டை நேராக ஹப்புக்குள் திருக வேண்டும். நட்டு செட்டும் போல்ட் செட்டும் ஒன்றுக்கொன்று மாறாது.

சில ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் கம்பெனியே லாக் போல்ட் போட்டுத்தான் கொடுக்கிறது. அதற்கான சாவி டிக்கியில் டூல் பைக்குள் இருக்கும். முதல் பஞ்சர் ஆகும் வரை அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்த பிராண்ட் வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை டிக்கியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய அளவுகள்: இதில் விட்டுக்கொடுக்காதீங்க!

முதல் விஷயம் மரை. மாருதி சுஸுகி கார்களில் பெரும்பாலும் எம்12×1.25. அதாவது ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர், ஒவ்வொரு மரைக்கும் இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் கார்களில் பொதுவாக எம்12×1.5. ஃபோக்ஸ்வாகன் போல்ட் எம்14×1.5. 1.25-க்கும் 1.5-க்கும் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் வைத்துக் 'கன்' போட்டு முடுக்கினால், இரண்டு சுற்று போனதும் மரையைத் தின்றுவிடும். டைட் ஆன மாதிரியே தெரியும். பிடிப்பு இருக்காது. சரியான நட்டு என்றால் கையால் திருப்பும்போதே தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். கையால் போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

எவ்வளவு உள்ளே போக வேண்டும்? ஸ்டட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளத்துக்காவது நட்டின் மரை பிடிக்க வேண்டும் என்பது பழைய மெக்கானிக் கணக்கு. 12 மில்லிமீட்டர் ஸ்டட், 1.5 மரை என்றால் எட்டு சுற்று. 1.25 என்றால் கிட்டத்தட்ட பத்து சுற்று. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும்.

இரண்டாவது, நட்டின் அடிப்பகுதி வீலில் உட்காரும் வடிவம். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவம். ஹோண்டாவின் கம்பெனி வீலில் அது உருண்டை வடிவம். டொயோட்டாவின் பல கம்பெனி அலாய் வீலில் தட்டை, வாஷரோடு வரும். ஃபோக்ஸ்வாகனிலும் உருண்டைதான். உருண்டைப் பள்ளத்தில் கூம்பு நட்டைப் போட்டால் மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டும்தான் தொடும். முடுக்கும்போது நன்றாக இருக்கும். ஓட ஓட, அலுமினியம் தேய்ந்து நட்டு தளரும். அலாய் வீல் மாற்றியவர்கள் 'கம்பெனி நட்டே போதும்' என்று பழையதையே போடுவதிலும் இதே ஆபத்துதான்.

ஸ்டெப்னி விஷயத்தில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். நான்கு வீலும் அலாய், ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு ரிம். அலாய்க்காக வாங்கிய கூம்பு நட்டு அந்த இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். போல்ட் வண்டிகளில் இன்னும் மோசம். அலாய்க்கான நீளமான போல்ட்டை மெல்லிய இரும்பு ரிம்மில் போட்டால், மிச்சம் உள்ள நீளம் ஹப்புக்குப் பின்னால் நீட்டி பிரேக் பாகங்களில் உரசும். அதனால் கழற்றிய கம்பெனி நட்டு அல்லது போல்ட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

'ஸ்டெப்னி' என்று நாம் சொல்வது பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவின் பெயர். 1904-ல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய உபரி வீலுக்கு அந்தப் பெயர் வந்தது. தெருவின் பெயர் அங்கேயே நின்றுவிட, சொல் மட்டும் நம்ம ஊர் பஞ்சர் கடையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாட்டும்போது...

லாக் நட்டுக்கு நியூமேட்டிக் கன் எதிரி. கன்னின் அடியில் சாவியின் மேடு நொறுங்கிவிடும், அல்லது நட்டின் பள்ளம் வாய் திறந்துவிடும். பிறகு உங்கள் சாவியே உங்கள் வீலைத் திறக்காது. சர்வீஸ் சென்டரிலும் வீல் அலைன்மென்ட் கடையிலும், "அண்ணே, லாக் நட்டுக்குக் கன் போடாதீங்க, கையாலேயே போடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாலு பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஒருவரிடம் சொல்வது போதாது. ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டி வைப்பது வேலைக்காகும்.

கழற்றும்போது லாக் நட்டை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியாக முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீலின் மொத்தப் பிடிப்பும் அந்த ஒரு நட்டின் மேல் விழுந்து, பள்ளம் சேதமாகும். முடுக்கும் அளவு ஒவ்வொரு காருக்கும் வேறு. ஹோண்டா சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர், ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120. உங்கள் காருக்கான எண் ஓனர் மேனுவலில் இருக்கும், அதை டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்க வேண்டும். காலால் ஏறி மிதிக்கும் பழக்கம் லாக் நட்டுக்கு ஆகாது. மரையில் கிரீஸ், ஆயில் எதுவும் தடவக் கூடாது. தடவினால் அதே டார்க்கில் நட்டு தேவைக்கு மேல் இறுகி ஸ்டட்டை இழுத்துவிடும். புது வீல் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி டைட் செக் பண்ணுங்கள்.

சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடல் காற்று அடிக்கும் ஊரில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது லாக் நட்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பள்ளத்துக்குள் துருவும் மண்ணும் அடைத்துக்கொண்டால் சாவி முழுசாக உள்ளே போகாது. பாதி போன சாவியைத் திருப்பினால் உடைந்துவிடும்.

சாவியை எங்கே வைப்பது?

லாக் நட்டு வாங்கியவர்களில் நிறைய பேருக்குத் திருடனால் வந்த தொல்லையைவிடச் சாவியால் வந்த தொல்லைதான் அதிகம். ராத்திரி பதினோரு மணி, உளுந்தூர்பேட்டை தாண்டி டயர் பஞ்சர், ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, சாவி வீட்டு அலமாரியில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்? ரோட்டோர பஞ்சர் கடையில் உங்கள் வடிவத்துக்குச் சாவி இருக்காது. உளியும் சுத்தியலும்தான் இருக்கும். புது அலாய் வீலில் விழும் முதல் கீறல் அதுவாகத்தான் இருக்கும்.

அதனால் சாவி காரில்தான் இருக்க வேண்டும். ஆனால் டேஷ்போர்டு பெட்டியிலோ டூல் பையிலோ வேண்டாம். திருடன் கண்ணாடியை உடைத்துக் கை விட்டால் முதலில் தேடும் இடம் அதுதான். டிக்கியின் பக்கவாட்டு பேனலுக்குப் பின்னால், சீட்டுக்கு அடியில் என்று உங்களுக்கும் வீட்டில் கார் ஓட்டும் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, துணியில் சுற்றி வையுங்கள். இரண்டாவது சாவி ஒன்று வாங்க முடிந்தால் அது வீட்டில் இருக்கட்டும்.

பெட்டியோடு ஒரு சின்ன அட்டை வரும், அதில் சாவியின் குறியீட்டு எண் இருக்கும். நல்ல நிறுவனங்கள் அந்த எண்ணை வைத்துத்தான் மாற்றுச் சாவி தருகின்றன. அட்டையையும் சாவியின் முகத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். அட்டை காருக்குள் இருக்க வேண்டாம்.

சர்வீஸ் விட்டு எடுக்கும்போது பில்லைச் சரிபார்ப்பதற்கு முன் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் ஸ்பேனரோடு சேர்ந்து அவர்களின் டூல் டிரேக்குள் போய்விடும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

லாக் நட்டு போட்டா திருடவே முடியாதா?

முடியும். உடைந்த நட்டை எடுப்பதற்கென்றே உள்பக்கம் திருகுமரை போல வெட்டிய சாக்கெட் செட் கடைகளில் விற்கிறது. சாவி தொலைந்தவர்களுக்காகத்தான் அது வந்தது, திருடனுக்கும் அதே விலைதான். வழுக்கும் தலையின் மேல் அதைச் சுத்தியலால் அடித்து இறக்கித் திருப்பினால், சாதாரண லாக் நட்டு கழன்றுவிடும். சுற்றும் வளையம் உள்ள ரகத்தில் இது கஷ்டம். ஆனால் நேரமும் தைரியமும் இருந்தால் அதையும் உடைக்கலாம்.

அப்புறம் எதுக்கு? சத்தமில்லாமல் சில நிமிஷத்தில் முடிகிற வேலையைச் சத்தம் போட்டுச் செய்ய வைக்கிறது, அதுவும் நான்கு முறை. பக்கத்தில் லாக் இல்லாத கார் நின்றால் திருடன் அங்கே போவான் என்பதுதான் இதன் உண்மையான பலன். கேட்க யாருமே இல்லாத காலி மனையில் காரை நிறுத்திவிட்டு லாக் நட்டை நம்பினால் வேலைக்காகாது. சத்தம் கேட்டு ஒருவர் எட்டிப் பார்க்கிற இடத்தில்தான் இந்தப் பூட்டுக்கு மதிப்பு.

நிறுத்தும்போது ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினால் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்பேனர் போட இடம் இருக்காது, இரண்டு வீல் தப்பிக்கும். கம்பெனி அலாரத்தை ரொம்ப நம்ப வேண்டாம். நிறைய காரில் அது கதவு, பானட், டிக்கி திறந்தால்தான் கத்தும். ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினால் அதற்குத் தெரியாது. சாய்வை உணரும் சென்சார் உள்ள அலாரம் வெளியில் கிடைக்கிறது.

தார், ஜிம்னி மாதிரி பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் அந்த ஸ்டெப்னிக்கும் தனியாக ஒரு லாக் வேண்டும். ஜாக்கிகூடத் தேவையில்லாமல் கழற்றக்கூடிய வீல் அது ஒன்றுதான். இன்னோவா போல அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் அதற்கேற்ற பூட்டு கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழுமையான பேக்கேஜ் பாலிசியில் காருக்கும் அதில் பொருத்திய துணைப் பொருள்களுக்கும் திருட்டுப் பாதுகாப்பு உண்டு. ஆனால் காரின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. கணக்கிடப்படுவது கம்பெனி விலையை வைத்து. நீங்கள் பிறகு வெளியில் போட்ட அலாய் வீல் அதில் வராது. பில்லைக் காட்டி, 'நான் எலெக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ்' என்ற தலைப்பில் அதன் மதிப்பைச் சேர்த்து, கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். வீல் மாற்றிய நிறைய பேர் இதைச் செய்வதே இல்லை.

சேர்த்திருந்தாலும் முழுப் பணம் வராது. டயருக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய தொகை 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

இதோடு நோ கிளைம் போனஸும் போகும். ஒரு கணக்குப் பார்ப்போம். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருக்கிறது, எனவே 5,000 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் செய்தால் அடுத்த வருஷம் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். பிரீமியம் மாறாமல் இருந்தால் அந்த ஐந்து வருஷத்தில் கூடுதலாகக் கட்டுவது 5,000 + 3,000 + 2,500 + 1,500 + 500, ஆக மொத்தம் 12,500 ரூபாய். ஒரு வீல் மட்டும் போயிருந்தால் கிளைம் செய்யாமல் விடுவதே லாபமாக இருக்கலாம். நான்கும் போயிருந்தால் கிளைம்தான் சரி.

திருடு போயிடுச்சு... உடனே என்ன செய்யணும்?

காரை அசைக்காமல் நான்கு பக்கமும் போட்டோ, வீடியோ எடுங்கள். கல்லின் மேல் நிற்கும் காருக்கு அடியில் கை, தலை எதையும் விடாதீர்கள், எந்த நேரமும் சரியலாம். 100 அல்லது 112-க்கு அழைத்துவிட்டு, ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பக்கத்து வீடு, கடை சி.சி.டி.வி. பதிவுகளை அன்றே கேட்டு வாங்குங்கள். பழைய பதிவின் மேலேயே புதிது பதிவாகிக்கொண்டிருக்கும்.

ஸ்டேஷனில் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். அது புகார் வாங்கியதற்கான சான்று மட்டுமே. இன்சூரன்ஸ் நிறுவனம் எஃப்.ஐ.ஆர். கேட்கும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 173-வது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

அடையாளம் சொல்ல முடிந்தால்தான் வீல் கிடைத்தாலும் உங்களுடையது என்று நிரூபிக்க முடியும். அதனால் வீல் மாட்டும் அன்றே, ரிம்மின் உள்பக்கம் வண்டி எண்ணைப் பெயிண்ட் மார்க்கரால் எழுதி போட்டோ எடுத்து வையுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டையும் எடுங்கள். அதன் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 3224 என்றால் 2024-ம் ஆண்டின் 32-வது வாரம்.

புது வீல் போட்டுவிட்டு அப்படியே ஓட்டிப் போய்விடாதீர்கள். கல்லின் மேல் இறக்கியதில் அடித்தகடு, பிரேக் டிஸ்க், லோயர் ஆர்ம் ஏதாவது அடிபட்டிருக்கலாம். லிஃப்ட்டில் ஏற்றி ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பழைய அலாய் வீல், பழைய கார் வாங்குறவங்களுக்கு...

பாதி விலைக்கு அலாய் செட், பில் இல்லை, 'ஃப்ரெண்டோட கார்ல இருந்தது' என்றால் கொஞ்சம் யோசியுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. திருடியவனுக்கு 303-வது பிரிவில் உள்ள அதே மூன்று ஆண்டுதான். நட்டு உட்காரும் துளையைச் சுற்றிச் சுத்தியல் அடி, உளிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி இல்லாமல் கழற்றிய வீலில் அந்தத் தடம் பெரும்பாலும் இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போதும் வீல் நட்டுகளை ஒரு பார்வை பாருங்கள். வீலுக்கு ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வேறு மாதிரி இருந்தால் அது லாக் நட்டு. சாவியை அங்கேயே எடுத்துக் காட்டச் சொல்லி, நான்கு வீலிலும் மாட்டி ஒருமுறை லூஸ் பண்ணி மறுபடி முடுக்கிப் பார்த்துவிடுங்கள். "சாவி வீட்ல எங்கயோ இருக்கும், அப்புறம் தரேன்" என்று விற்பவர் சொன்னால், சாவி கைக்கு வந்த பிறகு மீதிப் பணம் தருவதாகச் சொல்லுங்கள்.